கோப்பில் ஏறாத முடிவுகள்: நோய்ப் பேரிடரும் அரசின் பொறுப்புக்கூறலும்

2020 மார்ச் மாதத்தில் ஒத்திவைக்கப்பட்ட இந்திய நாடாளுமன்றம், ஊரடங்குக்குப் பின் முதன்முறையாக அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று கூடியது. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் கைவிடப்பட்டிருந்ததால், உறுப்பினர்களுக்கு எழுத்து வடிவில் மட்டுமே பதில்கள் கிடைத்தன. ஊரடங்கின்போது சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதிலளித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்பது அடுத்த கேள்வி. தரவே இல்லாத நிலையில் அந்தக் கேள்வி எழவில்லை என்பது அதற்குக் கிடைத்த பதில். ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடியே 4 லட்சத்துக்கும் அதிகமானோர் என்ற கணக்கு அதே அமைச்சகத்திடம் இருந்தது. நடந்தவர்களை எண்ண முடிந்திருக்கிறது. வழியில் விழுந்தவர்களை எண்ணும் வேலை மட்டும் யார் மேசைக்கும் போகவில்லை.

ஒரு வாரம் கழிவதற்குள் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகம் ஓர் எண்ணைத் தந்தது. தொழிலாளர்களுக்காக இயக்கப்பட்ட சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 87 உடல்கள் கூறாய்வுக்கு அனுப்பப்பட்டு, 51 அறிக்கைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே அரசின் இரண்டு அமைச்சகங்கள். ஒன்றிடம் எதுவும் இல்லை, மற்றதிடம் எத்தனை கூறாய்வு அறிக்கைகள் பாக்கி என்பது வரை இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு அமைச்சர்களின் மனப்பாங்கு காரணமன்று. ரயிலில் ஒருவர் இறந்தால் காவல்துறை வந்தாக வேண்டும். இயற்கைக்கு மாறான மரணமாகத் தோன்றினால், அன்று நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவின் கீழ் வழக்குப் பதிந்தாக வேண்டும். யாரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்தத் தாள் பிறந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் நடந்துபோனவரின் மரணத்தை ஊரடங்கோடு சேர்த்து எழுதும்படி எந்தப் படிவமும் கேட்கவில்லை.

நோய்ப் பேரிடரின்போது அரசு பொறுப்போடு நடந்துகொண்டதா என்ற விவாதம், பெரும்பாலும் தலைவர்களின் துணிவு, கருணை, அறிவு ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. அவை முக்கியமானவைதாம். ஆனால் பொறுப்புக்கூறல் என்பது சொல்லிலேயே இருக்கிறபடி, கூறுதல்: என்ன முடிவெடுத்தோம், எப்போது எடுத்தோம், எந்த அடிப்படையில் எடுத்தோம், அதனால் என்ன நேர்ந்தது என்பதைக் கேட்கிறவருக்கு விளக்கும் கடமை. அந்த விளக்கத்துக்கான மூலப்பொருள் முடிவெடுத்த அன்றைக்கே உருவாகிறது, அல்லது உருவாகாமல் போகிறது. பின்னாளில் வரும் நீதிபதியோ தணிக்கையரோ விசாரணை ஆணையமோ இல்லாத கோப்பைப் படிக்க முடியாது. ஆகவே, நெருக்கடிக் காலத்து ஆட்சியை மதிப்பிடும்போது, அந்த அரசு எதை எழுதி வைத்தது, எதை எழுதாமல் விட்டது என்று முதலில் கேட்பதே பொருத்தமாக இருக்கும்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். பம்பாயில் பிளேக் பரவியபோது 1897 பிப்ரவரியில் கொண்டுவரப்பட்ட கொள்ளைநோய்கள் சட்டத்தில் மொத்தம் 4 பிரிவுகள்தாம் இருந்தன. தேவையென்று கருதும் எந்த நடவடிக்கையையும் எடுக்க அரசுக்கு அதிகாரம், மீறுகிறவர்களுக்குத் தண்டனை, இந்தச் சட்டத்தின்படி நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் யார்மீதும் வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பு. காரணங்களை எழுத வேண்டும் என்றோ, சட்டமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும் என்றோ, இத்தனை மாதங்களில் அதிகாரம் தானாகக் காலாவதியாகும் என்றோ ஒரு வரியும் அதில் இல்லை. அந்நிய ஆட்சி தன் குடிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதாகக் கருதாததால் அப்படி எழுதியது என்று புரிந்துகொள்ளலாம். புனேயில் வீடு வீடாக நடந்த பிளேக் சோதனைகள் கிளப்பிய ஆத்திரம், அதே ஆண்டு ஜூன் மாதம் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதில் போய் முடிந்தது. வியப்பு என்னவென்றால், 123 ஆண்டுகள் கழித்தும் அதே சட்டம்தான் கையில் எடுக்கப்பட்டது. அதோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மிக விரிவானது என்றாலும், நல்லெண்ணப் பாதுகாப்பு அதிலும் உண்டு. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்டு, 4 மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்த முதல் ஊரடங்கு இந்தச் சட்டத்தின் கீழ்தான் பிறப்பிக்கப்பட்டது.

நல்லெண்ணப் பாதுகாப்பையே தவறென்று சொல்லிவிட முடியாது. நாளை வழக்கு வருமோ என்று அஞ்சுகிற அதிகாரி, நள்ளிரவில் ஒரு மருத்துவமனையைக் கையகப்படுத்தும் உத்தரவில் கையெழுத்திட மாட்டார். கேள்வி வேறொன்று: நல்லெண்ணத்தை எப்படி அறிவது? மனத்துக்குள் இருப்பதை யாரும் பார்க்க முடியாது. முடிவெடுத்தபோது கையில் என்ன தகவல் இருந்தது, எந்த மாற்றுவழிகள் பரிசீலிக்கப்பட்டன, ஏன் தள்ளப்பட்டன என்ற குறிப்பு இருந்தால் நல்லெண்ணம் அதில் தெரியும். குறிப்பே இல்லாத இடத்தில் நல்லெண்ணத்தை ஊகித்துக்கொள்ளச் சொல்வது, பாதுகாப்பைப் பதுங்குகுழியாக மாற்றுவதாகும்.

இதற்கு எதிர்த்திசையில் நின்ற ஓர் உதாரணம் நியூசிலாந்து. 2020 மார்ச் இறுதியில் அங்கே நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டபோது, அரசின் நடவடிக்கைகளைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது; அதன் தலைவர் எதிர்க்கட்சித் தலைவர், உறுப்பினர்களிலும் எதிர்த்தரப்புக்கே பெரும்பான்மை. காணொளி வழியாக அமைச்சர்களையும் அதிகாரிகளையும் அழைத்துக் கேள்வி கேட்டார்கள். மக்கள் அதை நேரலையில் பார்த்தார்கள். அதே நாட்டில் ஒரு குடிமகன் தொடுத்த வழக்கில், ஊரடங்கின் முதல் 9 நாட்களில் மக்களை வீட்டில் இருக்கச் சொன்ன உத்தரவு தேவையானதும் நியாயமானதுமாக இருந்தபோதிலும் சட்டத்தின் ஆதாரம் இல்லாதது என்று 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல முடிவும் சட்டப்படியான முடிவும் வெவ்வேறு என்று ஒரு நீதிமன்றம் நெருக்கடி முடிவதற்குள்ளாகவே சொல்ல முடிந்தது. அதனால் ஊரடங்கும் கலைந்துவிடவில்லை, அரசும் கவிழ்ந்துவிடவில்லை. கேள்வி கேட்டால் வேலை கெடும் என்ற வாதத்துக்கு அந்த ஒரு வழக்கே போதுமான பதிலாகத் தோன்றுகிறது. இதோடு ஒப்பிட, முடிவு தேதி எதுவும் குறிக்காமல் ஆணைகள் வழியே ஆளும் அதிகாரத்தை 2020 மார்ச் 30 அன்று அரசுக்கு அளித்த ஹங்கேரியின் சட்டத்தை நினைத்துக்கொள்ளலாம்.

அதிகாரத்தைப் பற்றிய சட்டங்களைவிடவும், இறப்பைப் பற்றிய சிறு படிவங்களில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது. ஓர் அரசு தன் தோல்வியை மறைக்க நினைத்தால் முதலில் கைவைப்பது எண்ணிக்கையில். மறைக்க நினைக்காவிட்டாலும் முதலில் தவறுவது எண்ணிக்கையில்தான். 1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரில் காலரா தோன்றியபோது, வணிகம் முடங்கிவிடும் என்ற அச்சத்தில் நகர நிர்வாகம் அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளத் தயங்கியது. நாட்கள் கடந்தன, எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குழாய்களில் அனுப்பிக்கொண்டிருந்த அந்த நகரில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் அதே ஆற்றில், அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த கீழ்ப்பகுதியில், தண்ணீர் எடுத்தது. ஆனால் மணல் வழியே வடிகட்டி அனுப்பியதால் பெரும்பாலும் தப்பியது. ஹாம்பர்க்கின் குற்றத்தை நிரூபித்தது எந்த எதிர்க்கட்சியும் அன்று. தெருவின் ஒரு பக்கத்தில் மரணங்களையும் மறுபக்கத்தில் மரணமின்மையையும் காட்டிய பதிவேடுகள்தாம்.

2003-இல் சார்ஸ் நோயின்போது பெய்ஜிங்கில் நடந்தது இன்னும் நுட்பமானது. நகரின் அதிகாரபூர்வ எண்ணிக்கை 40-ஐக்கூடத் தொடவில்லை. ராணுவ மருத்துவமனைகளில் நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். அவை நகரச் சுகாதாரத் துறைக்குக் கணக்கு அனுப்பும் அமைப்புக்குள் வரவில்லை. ஜியாங் யான்யொங் என்ற ராணுவ மருத்துவர் ஊடகங்களுக்கு எழுதிய கடிதம் வெளியான பிறகு, ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் எண்ணிக்கை 339-ஆக உயர்ந்தது. சுகாதார அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள். இதில் சதி எவ்வளவு, நிர்வாகக் குழப்பம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். இரண்டு துறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மரணங்கள் விழுந்து மறைவதற்குத் தீய எண்ணம் தேவையில்லை. இடைவெளியை விட்டுவைப்பதே போதும்.

சென்னையிலும் 2020-இல் இதே இடைவெளி இருந்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் கொரோனா மரணம் என்று ஏறியிருந்தவர்கள் சிலர், மாநிலச் சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கையில் இல்லை என்று தெரியவந்தது. ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, பதிவேடுகள் ஒப்பிடப்பட்டு, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நிகழ்ந்த 444 மரணங்கள் ஜூலை 22 அன்று மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. தவறு நேர்ந்ததைவிட, அது எப்படி வெளிவந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஒரே மரணத்தை இரண்டு அலுவலகங்கள் தனித்தனியே எழுதின. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதை வெளியில் இருந்தவர்கள் பார்த்துச் சொல்ல முடிந்தது. எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால் அந்த 444 பேர் வந்திருக்க மாட்டார்கள்.

ஒரு மரணம் எப்படிக் கணக்காகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த இறப்புக் காரணச் சான்றிதழில் முதல் பகுதியில் வரிசையாகச் சில கோடுகள் இருக்கும். மேல் கோட்டில் உடனடிக் காரணம். அதற்குக் கீழே, அந்தக் காரணத்துக்குக் காரணம். கடைசிக் கோட்டில் எல்லாவற்றுக்கும் மூலமான நோய். இரண்டாம் பகுதியில், மரணத்துக்கு உதவிய மற்ற நோய்கள். நீரிழிவு நோயுள்ள ஒருவர் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் இரவில் வந்து சேர்கிறார். சளி மாதிரி எடுக்கப்படுகிறது. முடிவு வருவதற்குள் விடியற்காலையில் இறந்துவிடுகிறார். பணியில் இருக்கும் மருத்துவருக்கு இன்னும் 10 உடல்களுக்குத் தாள் எழுத வேண்டியிருக்கிறது. முறைப்படி எழுதினால் மேலே கடும் மூச்சுச் செயலிழப்பு, அதன் கீழே நுரையீரல் அழற்சி, கடைசியில் கோவிட் ஐயம். நீரிழிவு இரண்டாம் பகுதியில். பரிசோதனையில் உறுதியானால் யு07.1, உறுதியாகாமல் மருத்துவ அறிகுறிகளால் கணித்தால் யு07.2 என்று இரண்டு குறியீடுகளை உலக சுகாதார நிறுவனமே இதற்காக ஒதுக்கியது. அவசரத்தில் அவர் இதயம் நின்றுபோனது என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அல்லது நீரிழிவைக் கடைசிக் கோட்டுக்கு இறக்கிவிட்டால், அந்த மனிதர் பெருந்தொற்றின் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார். இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. ஆகவே அதைக் காரணமாக எழுதக் கூடாது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. ஆனாலும் அது எழுதப்படுகிறது. இதுவும் சான்றிதழ் எழுதப்பட்டால்தான். இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 சதவீதம் மட்டுமே.

இந்தத் தாளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அதில் நோய்க்கு மட்டுமே இடம் உண்டு. படுக்கை கிடைக்கவில்லை, சிலிண்டர் வரவில்லை, ஆம்புலன்ஸ் 5 மணி நேரம் வரிசையில் நின்றது என்பவற்றை எழுத ஒரு கோடும் இல்லை. 2021 ஜூலை 20 அன்று, ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணங்கள் என்று மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் குறிப்பிட்டு எதையும் தெரிவிக்கவில்லை என மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களவையில் கூறியபோது நாடே கொதித்தது. சொற்களைக் கூர்ந்து படித்தால் அந்தப் பதில் பொய்யன்று. கேட்கப்படாத தகவல் வந்து சேரவில்லை என்பதைத்தான் அது சொன்னது. அதனாலேயே அது இன்னும் மோசமானது. ஏப்ரல், மே மாதங்களில் மருத்துவமனைகள் ஆக்சிஜன் கேட்டு உயர் நீதிமன்றங்களின் கதவைத் தட்டியதை அனைவரும் பார்த்திருந்தார்கள். அதை எண்ணுவதற்கான படிவம் மட்டும் யாரிடமும் இல்லை.

எண்ணிக்கையை வெளிப்படையாகவே மறைத்தவர்களும் உண்டு. 2020 ஜூன் தொடக்கத்தில் பிரேசிலின் சுகாதார அமைச்சகம் மொத்த நோயாளிகள், மொத்த மரணங்கள் ஆகிய எண்களைத் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது; சில நாட்களில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் அவை திரும்பி வந்தன. இதற்கிடையில் போட்டி ஊடக நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து மாநிலங்களிடமிருந்து நேரடியாகக் கணக்குத் திரட்டத் தொடங்கியிருந்தன. நியூயார்க் மாநிலத்தில், முதியோர் இல்லத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகு இறந்தவர்களை முதியோர் இல்லக் கணக்கில் சேர்க்காத முறையால், அந்த மரணங்கள் 50 சதவீதம் வரை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்று 2021 ஜனவரியில் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரின் அறிக்கை கூறியது. எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எதை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்ற சிறு மாற்றம் போதும்.

இதற்கெல்லாம் மாற்றாக ஆய்வாளர்கள் நம்புவது மிகை இறப்புக் கணக்கை: வழக்கமான ஆண்டில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள், இந்த ஆண்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற வேறுபாடு. சான்றிதழில் என்ன எழுதினாலும் உடலை மறைக்க முடியாது என்பதுதான் இதன் தர்க்கம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் 1.49 கோடி மிகை மரணங்கள் என்று 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் இந்தியாவின் பங்கு 47 லட்சம் என்றது. அரசின் கணக்கில் கொரோனா மரணங்கள் சுமார் 4.8 லட்சம். அந்த மதிப்பீட்டு முறையை இந்தியா கடுமையாக மறுத்தது. இப்படிப்பட்ட மதிப்பீடுகளில் ஐயத்துக்கு எப்போதும் இடமுண்டு. ஆனால் அவற்றை மறுக்கச் சிறந்த வழி சொந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டுவதே. 2021-இன் இறப்புப் பதிவு விவரங்கள் 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தன. 2020-இல் 81 லட்சமாக இருந்த பதிவுகள் 2021-இல் 1.02 கோடியாக உயர்ந்திருந்தன. பதிவு செய்யும் வழக்கமே கூடியதால் இந்த உயர்வு முழுவதையும் நோயின் கணக்கில் எழுத முடியாதுதான். ஆனால் இந்த எண் அன்றே வெளிவந்திருந்தால் நடந்திருக்கக்கூடிய விவாதம் 4 ஆண்டுகள் கழித்து நடக்காது. காலம் தாழ்த்தி வெளியிடுவதும் வெளியிடாமை போன்றதுதான்; ஆனால் அதற்கு யாரும் தண்டிக்கப்படுவதில்லை.

பணத்தின் கதை சற்றே வேறு. இங்கே பழைய அனுபவம் அதிகம். வழக்கமான காலத்தில் கையுறை வாங்குவதென்றால் ஒப்பந்தப்புள்ளி, விலை ஒப்பீடு, தரச் சோதனை, சரக்குப் பெற்றதற்கான கையெழுத்து என்று கோப்பு தடிக்கும். நெருக்கடியில் ஒப்பந்தப்புள்ளியைத் தவிர்ப்பது நியாயமே. உலகம் முழுவதும் முகக்கவசத்துக்குப் போட்டியிடும்போது 30 நாள் காத்திருக்க முடியாது. ஆனால் போட்டியைத் தவிர்ப்பதற்கும் காகிதத்தைத் தவிர்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பிரிட்டனில் அமைச்சர்கள், அதிகாரிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோர் பரிந்துரைத்த நிறுவனங்களுக்கென்று தனி முன்னுரிமை வரிசை இருந்தது. அந்த வரிசையில் போனவற்றில் ஏறத்தாழ 10-இல் ஒன்றுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. சாதாரண வரிசையில் 100-இல் ஒன்றுக்கும் குறைவு என்று 2020 நவம்பரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கண்டது. யார் பரிந்துரைத்தார் என்ற குறிப்பு ஏறக்குறையப் பாதி நிறுவனங்களுக்கே இருந்தது என்பதையும் அது கண்டது. அந்த வரிசையின் செயல்பாடு சட்டவிரோதமானது என்று 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தங்களை 30 நாட்களுக்குள் வெளியிடத் தவறியதும் சட்டவிரோதமே என்று அதற்கு முந்தைய ஆண்டிலேயே தீர்ப்பு வந்திருந்தது.

தணிக்கையர் எப்போதும் இழவு முடிந்த பிறகே வருவார் என்று ஒரு குறை உண்டு. அதை மாற்றிக் காட்டியவை பணக்கார நாடுகள் அல்ல. எபோலா காலத்தில் சியரா லியோனின் தணிக்கை அமைப்பு, நோய் ஓய்வதற்கு முன்பே நிவாரணப் பணத்தின் செலவுகளை ஆராய்ந்து, அதில் கணிசமான பங்குக்கு உரிய ரசீதோ ஆவணமோ இல்லை என்று 2015 பிப்ரவரியில் வெளிப்படையாகச் சொன்னது. தென்னாப்பிரிக்கா 2020-இல் 50,000 கோடி ராண்ட் நிவாரணத் திட்டத்தை அறிவித்தபோது, செலவு நடந்துகொண்டிருக்கும்போதே தணிக்கையும் நடந்தது. முதல் அறிக்கை செப்டம்பரில் வந்துவிட்டது. அந்நாட்டின் சிறப்பு விசாரணைப் பிரிவு ஆராய்ந்த ஒரு தகவல்தொடர்பு ஒப்பந்தத்தின் காரணமாகச் சுகாதார அமைச்சர் 2021 ஆகஸ்டில் பதவி விலகினார். இந்தியாவில் 2020 மார்ச் 27 அன்று பதிவான பி.எம். கேர்ஸ் என்னும் நிவாரண நிதி, பொது அறக்கட்டளை என்ற வடிவத்தில் இருப்பதால், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் பொது அதிகார அமைப்பு ஆகாது என்று பிரதமர் அலுவலகம் கூறிவருகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையரும் அதைத் தணிக்கை செய்வதில்லை. பிரதமர் தலைமை வகிக்க, மூத்த அமைச்சர்கள் அறங்காவலர்களாக இருக்கும் ஒரு நிதியைத் தனியார் அறக்கட்டளைபோல நடத்துவதற்குச் சட்டத்தில் இடமிருக்கலாம். அந்த இடம் எதற்காக வேண்டும் என்பதுதான் விளங்காத புதிர்.

வல்லுநர்களைப் பற்றியும் ஒரு சொல். அறிவியல் சொன்னதைச் செய்கிறோம் என்று பல அரசுகள் 2020-இல் சொல்லின. அறிவியலாளர்கள் சாத்தியங்களைச் சொல்வார்கள்; எத்தனை உயிருக்கு எவ்வளவு வேலையிழப்பு என்று எடைபோடுவது அரசியல் முடிவு, அதை அவர்கள் தோளில் ஏற்றக் கூடாது. பிரிட்டனில் அரசுக்கு ஆலோசனை கூறிய அறிவியல் குழுவின் உறுப்பினர் பட்டியல்கூட 2020 மே மாதம்வரை வெளியிடப்படவில்லை. அதன் கூட்டக் குறிப்புகள் வந்த பிறகே, குழு என்ன சொன்னது, அமைச்சரவை எந்த இடத்தில் விலகியது என்று பிறர் ஒப்பிட முடிந்தது.

இந்தக் கூட்டக் குறிப்புகளின் இடத்தைத்தான் வாட்ஸ்அப் மெல்ல விழுங்கிவருகிறது. முடிவுகள் கைபேசிக் குழுக்களில் எடுக்கப்பட்டு, பிறகு ஒப்புக்கு ஒரு கோப்பு திறக்கப்படுவது இப்போது எல்லா நாட்டுத் தலைமைச் செயலகங்களுக்கும் பழகிப்போன ஒன்று. பிரிட்டனின் கோவிட் விசாரணைக்குத் தலைமை வகித்த ஹாலெட் அம்மையார் முன்னாள் பிரதமரின் செய்திகளை வெட்டாமல் தரும்படி கேட்டபோது, அரசு தானே அமைத்த விசாரணைக்கு எதிராகத் தானே நீதிமன்றம் போய், 2023 ஜூலையில் தோற்றுத் திரும்பியது. ஸ்காட்லாந்தின் முன்னாள் முதலமைச்சர் தன் வாட்ஸ்அப் செய்திகளை வைத்திருக்கவில்லை என்று விசாரணையில் தெரிவித்தார். அழிப்பது எவ்வளவு காலம் பாதுகாப்புத் தரும் என்பதற்கு அதே நாட்டில் இன்னொரு சான்று இருக்கிறது. 1970-களிலும் 80-களிலும் மாசடைந்த இரத்தப் பொருட்களால் 30,000-க்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றுகளுக்கு ஆளாகி, ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிய விசாரணையின் இறுதி அறிக்கை 2024 மே 20 அன்றுதான் வந்தது. சுகாதாரத் துறையின் சில ஆவணங்கள் 1993-இல் வேண்டுமென்றே அழிக்கப்பட்டன என்று அது கூறியது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் அந்த வரியைப் படிக்க உயிரோடு இல்லை.

அதே இரத்தப் பிரச்சினை பிரான்சில் எழுந்தபோது, முன்னாள் அமைச்சர் ஜார்ஜினா துஃபுவா, பொறுப்பு தனக்கு உண்டு, குற்றம் தன்னுடையதன்று என்னும் பொருள்பட 1991-இல் சொன்னது அந்நாட்டில் பழமொழிபோல ஆகிவிட்டது. ஏளனத்துக்கு ஆளானாலும் அந்தச் சொற்றொடரில் ஓர் உண்மையான வேறுபாடு ஒளிந்திருக்கிறது. குற்றம் நீதிமன்றத்தின் அளவுகோல். அதற்குத் தனிமனிதரின் செயலும் எண்ணமும் ஐயமற நிறுவப்பட வேண்டும். 1999-இல் துஃபுவாவும் முன்னாள் பிரதமர் ஃபாபியூசும் விடுவிக்கப்பட்டார்கள். மற்றோர் அமைச்சர் குற்றவாளி என்று சொல்லப்பட்டும் தண்டனை விதிக்கப்படவில்லை. பொறுப்போ அரசியலின் அளவுகோல். ஹாங்காங்கில் சார்ஸ் நோயால் 299 பேர் இறந்ததை ஆராய்ந்த சட்டமன்றக் குழுவின் அறிக்கை வந்ததும், 2004 ஜூலையில் சுகாதாரச் செயலர் பதவி விலகினார். அவரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்புகிற நாடுகளில் அமைச்சர்கள் வழக்கறிஞரைப் போலப் பேசத் தொடங்குகிறார்கள், மக்கள் சிறைத்தண்டனைக்குக் குறைந்த எதையும் நீதியாக ஏற்க மறுக்கிறார்கள். நடுவில் இருக்க வேண்டிய விளக்கம் காணாமல் போகிறது.

விசாரணை எப்போது தொடங்க வேண்டும் என்பதில் ஸ்வீடனின் வழி நல்லதாகப் படுகிறது. நோய் பரவிக்கொண்டிருந்த 2020 ஜூன் மாதத்திலேயே ஆணையம் அமைக்கப்பட்டது. டிசம்பரில் முதியோர் பராமரிப்பின் தோல்வியைப் பற்றி முதல் அறிக்கை, அடுத்த ஆண்டு இரண்டாவது, 2022 பிப்ரவரியில் இறுதி அறிக்கை. நினைவுகள் மங்குவதற்கு முன், அதே ஆண்டு செப்டம்பரில் வாக்களிப்பதற்கு முன், குடிமக்கள் கையில் அது இருந்தது. பின்னறிவோடு தீர்ப்புச் சொல்வது எளிது என்று ஆட்சியாளர்கள் குறைகூறுவதில் நியாயம் உண்டு. ஆனால் பின்னறிவிலிருந்து அவர்களைக் காக்கக்கூடியதும் அன்றைய குறிப்புதான்: அன்று இவ்வளவுதான் தெரிந்திருந்தது என்பதை வேறு எதைக் கொண்டு காட்டுவது? எழுதி வைத்துத் தவறியவரை மன்னிக்கலாம், அவரிடமிருந்து அடுத்தவர் கற்றுக்கொள்ளவும் முடியும். வாய்மொழியாக உத்தரவிட்டுச் சரியாகச் செய்தவரிடமிருந்து அதுகூடக் கிடைப்பதில்லை.

2015-இல் மெர்ஸ் நோயின்போது தென்கொரிய அரசு நோயாளிகள் இருந்த மருத்துவமனைகளின் பெயர்களைத் தொடக்கத்தில் வெளியிடாமல் வைத்திருந்தது. 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். அந்தக் கோபத்தின் விளைவாக, பரவல் தகவல்களை வெளியிடுவது அரசின் சட்டக் கடமையாக்கப்பட்டது. 5 ஆண்டுகள் கழித்துக் கொரோனா வந்தபோது அந்நாடு தகவல்களை விரைந்து வெளியிட்டதற்குப் பின்னால் இந்தத் திருத்தம் இருந்தது. அளவுக்கு மீறி வெளியிட்டுத் தனிமனிதரின் நடமாட்டங்களை அம்பலப்படுத்திய சிக்கலும் அதே திருத்தத்திலிருந்து பிறந்ததுதான். ஒரு பள்ளத்தை மூடும்போது இன்னொன்று திறக்கிறது.

இந்தியாவில் எண்ணும் வேலை கடைசியில் எதிர்பாராத ஒரு வழியில் நடந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி நிவாரணம் வழங்குவது அரசின் விருப்பமன்று, கடமை என்று 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகை 50,000 ரூபாய் என்று முடிவானது. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணமானால், சான்றிதழில் கோவிட் என்ற சொல் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். மறுக்கப்பட்டால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். குடும்பங்கள் பரிசோதனை முடிவுகளையும், ஸ்கேன் தாள்களையும், மருத்துவமனைப் பில்களையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். 2022 ஜனவரியில் மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த விவரப்படி, குஜராத்தின் அதிகாரபூர்வக் கொரோனா மரணங்கள் ஏறத்தாழ 10,000. நிவாரணம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 90,000. அரசே சரிபார்த்து ஏற்றுக்கொண்டவை 68,000-க்கும் மேல்.